முதலில் வாசகர், பிறகு கதை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டெழுதிய மீனாட்சி அம்மாள் தம் பாட்டுகளை அச்சடித்துவிட்டு வாசகர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கணவரான தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரோடு தொழிலாளர் கூட்டங்களுக்குப் போய் அவரே பாடினார். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டுக்கு ஒருவர் இருந்தாலே பெரிது என்றிருந்த காலத்தில், தெரிந்த மெட்டில் வந்த பாட்டே காதுவழி பரவியது.

மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளைக்கு வேறு சிக்கல். 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவருடைய சனங்களை நாடற்றவர்களாக்கியது. 1954இல் தோட்டத்து வாழ்வை நெடுங்கவிதையாக எழுதியபோது ஆங்கிலத்தில் எழுதினார். கொழும்பின் காதில் விழட்டும் என்றுதான் இருக்கும். கவிதைக்குள் இருந்த கொழுந்துக்காரிக்கு அது தமிழில் கிடைக்க 1969 ஆயிற்று: சக்தி பால ஐயாவின் 'தேயிலைத் தோட்டத்திலே'.

வாசகரையும் எழுத்தாளரையும் ஒன்றாகத் திரட்டியது 1960களின் வீரகேசரி நாளிதழ். தோட்டப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட எஸ்.எம். கார்மேகம் மலையகச் சிறுகதைப் போட்டிகளுக்கு முன்னின்றார். பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என நூலாயின. தெளிவத்தை ஜோசப் அந்தப் போட்டிகளில் தெரியவந்தவர். மலையகத்தில் நாவலைவிடச் சிறுகதை செழித்ததற்குப் பத்திரிகைப் பக்கத்தின் அளவே பாதிக் காரணம் என்பேன். மீதிக் காரணம் லயத்து அறை. விடியப் பெரட்டுக்குப் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போய், அந்தியில் கொழுந்து நிறுத்துத் திரும்புகிறவர் முந்நூறு பக்கத்தைத் திருத்தித் திருத்தி எழுத எங்கே உட்காருவார்? எழுதியவர்களில் ஆசிரியர்களும் கணக்கப்பிள்ளைமாரும் மிகுந்திருந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்தத் தோட்டத்து வாசகரைப் போல் கண்டிப்பான பதிப்பாசிரியர் எங்கும் கிடைக்கமாட்டார். என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' சிறுகதை ஒருத்தி ஒரே நாளில் பறித்த கொழுந்தின் நிறைமீது எழும் சந்தேகத்தைச் சுற்றி நகர்கிறது. பறிக்கிற பெண்ணுக்கு ஒரு நாளில் எவ்வளவு முடியும் என்பது தெரியும். நிறையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் கதை அங்கேயே விழுந்துவிடும். ராமையாவின் சிக்கனமான நடைக்கு அந்தப் பயமும் உதவியிருக்கும்.

இப்படிச் சேர்ந்த வாசகரை அரசியல் கலைத்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்றானது. 1980இல் ராமையாவின் கதைகள் நூலானபோது, அவற்றைப் புரிந்து படிக்கக்கூடியவர்களில் பலர் தமிழ்நாட்டின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

1997இல் துரை விஸ்வநாதனின் துரைவி பதிப்பகம், தெளிவத்தை ஜோசப் தொகுத்த 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற இரு தொகுதிகளை வெளியிட்டது. அதுவரை நூலாகாமல் கிடந்த பல கதைகளைப் பழைய பத்திரிகைகளைத் தேடி அலையாமல் படிக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.