தோற்றாலும் எங்கள் அணி!

1962-ம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் நகரில் 'மெட்ஸ்' என்ற புதிய பேஸ்பால் அணி களத்தில் இறங்கியது. வீசும் பந்தை மட்டையால் அடித்துவிட்டு ஓடும் ஆட்டம் பேஸ்பால். அமெரிக்கர்களுக்கு அதில் தனி மோகம்.

முதல் 9 ஆட்டங்களிலும் மெட்ஸ் தோற்றது. அந்த ஆண்டில் வென்றவை 40; தோற்றவை 120! கைக்கு வந்த பந்தைக்கூட வீரர்கள் கோட்டை விட்டார்கள்.

ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், சிரித்தும் விட்டார்கள். ஆனால், மைதானத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. படுக்கை விரிப்புகளில் வாசகங்களை எழுதித் தூக்கிப் பிடித்தார்கள். அந்த ஆண்டு டிக்கெட் வாங்கியவர்கள் 9 லட்சத்துக்கும் மேல்!

ஏன் இந்தப் பாசம்?

நகரின் பழைய அணிகளான டாட்ஜர்சும் ஜயன்ட்சும் 1957-ம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் கலிபோர்னியாவுக்குக் குடிபோய்விட்டன. அவற்றின் ரசிகர்கள் தாயைப் பிரிந்த பிள்ளைகள்போல் தவித்தார்கள். வெற்றிமேல் வெற்றி பெற்ற 'யாங்கீஸ்' அணி ஊரிலேயே இருந்தது. ஆனால், அது நேற்றுவரை எதிரி அணி ஆயிற்றே! அதற்கு எப்படிக் கைதட்டுவது?

ஆகவே, தோற்கிற பிள்ளையையே மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

பொறுமை வீண்போகவில்லை. 1969-ல் பால்டிமோர் அணியைத் தோற்கடித்து, மெட்ஸ் சாம்பியன் பட்டம் வென்றது. 120 தோல்விகளையும் கண்டவர்களுக்கு அந்த வெற்றி எப்படி இனித்திருக்கும்!