யந்திரத்துக்கு எஜமானர் யார்?

பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டு பீரோவைச் சற்றுத் திறந்து பாருங்கள். பட்டுப் புடவைகளுக்கு அடியில் பெண்ணின் மடிக்கணினி ஒன்று உறங்குகிறதா? 2011-லிருந்து பல ஆண்டுகள் ப்ளஸ் டூ மாணவிகளுக்குச் சர்க்கார் வழங்கியதுதான்! அதில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்தோம்?

விண்டோஸ் 7-க்கு 2020-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் கம்பெனி வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. யந்திரம் நம்முடையது, அதை நடத்தும் நிரலுக்கு எஜமானர் வேறொருவர். அரசியல் என்றதும் மைக்கும் மாலையும் ஞாபகம் வருகிறதா? இதுவும் அரசியல்தான், அம்மா.

அதற்காக, லினக்ஸ் எல்லாமே பொதுச் சொத்து என்று எண்ணிவிட வேண்டாம். நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஆனால் நிர்வாகம் யார் கையில்? உபுண்டுவின் பின்னால் கனானிகல் கம்பெனி. பாஸைத் தயாரித்தது மத்திய சர்க்காரின் சி-டாக். 'சென்ட்ஓஎஸ்' கதை இன்னும் வேடிக்கை. அதன் 8-ஆம் பதிப்பு 2029 வரை நீடிக்கும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். அதை நிர்வகித்த ரெட் ஹாட் கம்பெனி 2020 டிசம்பரில் ஓர் அறிவிப்பு விட்டது. 2021 முடிவோடு கதை முடிந்தது. நிரல் திறந்து கிடந்ததால் ராக்கி, ஆல்மா என்று மாற்றுகள் முளைத்தன என்பது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது டெபியன். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. நம் ஊர் மகளிர் குழுவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். கணக்கு நோட்டு எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கும். தலைவரை ஆண்டுதோறும் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேயும் சண்டை உண்டு! வைஃபை போன்ற சாதனங்கள் சிலவற்றுக்கு, கம்பெனிகள் பூட்டி வைத்த நிரல் வேண்டியிருந்தது. கொள்கையா, வசதியா என்று 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, வசதிக்கு இடம் கொடுத்தார்கள். தோற்றவர்களின் வாதமும் அனைவரும் படிக்கும்படி இருக்கிறது. நம் பாஸும் இந்த டெபியன் மீது கட்டியதுதான்.

ஆகவே, விலையை மட்டும் கேட்காமல், "இதில் முடிவு செய்வது யார்?" என்றும் கேளுங்கள். டெபியனை ஒரு பென் டிரைவில் ஏற்றி, பழையதை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா, தமிழ் தட்ட முடிகிறதா என்று பாருங்கள். பிறகு மாற்றுங்கள். அதற்கு முன் போட்டோக்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். நாத்தனார் கல்யாணப் படங்கள் அதில்தானே இருக்கின்றன?