உறையாத இரத்தமும் வேலூர் ஐவரும்

கொல்கத்தாவில் ஒருவன் தன்னைத் தமிழன் என்று சொல்லிக்கொண்டால், அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் இட்லியைப் பற்றியதாக இருக்காது. வேலூரைப் பற்றியதாகத்தான் இருக்கும். "வேலூரில் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும்? தங்குமிடத்தில் நாமே மீன் சமைத்துக்கொள்ள விடுவார்களா?" ஹௌராவில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் வங்காளிக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கும், வேலூர்க் கடைத்தெருவில் வங்காள எழுத்துப் பலகைகளைப் படித்தவர்களுக்கும் இதில் வியப்பு இராது. நான் வாழ்நாளில் இரண்டே முறைதான் வேலூருக்குப் போயிருக்கிறேன். இருந்தாலும் எங்கள் தெருவில் வேலூர் விஷயத்தில் நான்தான் நிபுணன்.

2024 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு மரபணுச் சிகிச்சை செய்தார்கள், ஐவருக்கும் இரத்தக் கசிவு நின்றுவிட்டது என்பதே அது. சில நாட்களில் பக்கத்து வீட்டுப் பெரியவர் செய்தித்தாள் துண்டுடன் வந்து நின்றார். அவருடைய பேரனுக்கு ஒன்பது வயது. கடுமையான ஹீமோபிலியா. "தாதா, பர்த்வானில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. விற்றுவிடட்டுமா?" என்று கேட்டார்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். 'ஆகட்டும்' என்று சொல்லவும் தைரியமில்லை, 'வேண்டாம்' என்று சொல்லவும் தைரியமில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த வாரத்தில் உறவுக்கார மருத்துவர் ஒருவரைத் தொந்தரவு செய்தும், ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹீமோபிலியா என்றால் சிறு கீறல் பட்டாலும் இரத்தம் ஓடி உயிர் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேல்தோல் கீறலை இரத்தத்தில் உள்ள தட்டணுக்களே ஒருவாறு அடைத்துவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் காரணமே இல்லாமல் இரத்தம் கசியும். மூட்டு வீங்கிச் சூடாகிப் பிள்ளை இரவெல்லாம் அழுவான். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு அரித்துப்போய், பதினைந்து வயதில் எழுபது வயதுக் கிழவரின் முழங்காலாகிவிடும். மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

இரத்தம் உறைவது ஒரே நொடியில் நடக்கும் காரியமன்று. ஒன்றையொன்று தட்டி எழுப்பும் பல புரதங்களின் சங்கிலி அது. அவற்றுக்கு ரோமன் எண்களில் பெயர். எட்டாம் காரணி இல்லாவிட்டால் ஹீமோபிலியா 'ஏ'. ஒன்பதாம் காரணி இல்லாவிட்டால் ஹீமோபிலியா 'பி'. பின்னதற்குக் 'கிறிஸ்துமஸ் நோய்' என்றும் ஒரு பெயர் உண்டு. பண்டிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1952-இல் அதை விவரித்த கட்டுரையில் வந்த சிறுவனின் குடும்பப் பெயர் அது. ஆனால் அந்தக் கட்டுரை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் வெளிவந்தது! விக்டோரியா மகாராணி வழியாக ரஷ்ய ஜார் குடும்பம் வரை போனதும் இந்த 'பி' வகைதான் என்று எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ. மூலம் 2009-இல் தெரிந்தது. நம் பெரியவரின் பேரனுக்கு இருப்பது 'ஏ' வகை. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. இந்தக் கணக்குப்படி நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்நோயுடன் பிறக்கிறார்கள். அவர்களில் பலருக்கு நோயின் பெயரே தெரிவதில்லை.

சாதாரணமாக நம் இரத்தத்தில் எட்டாம் காரணியின் அளவு 50 முதல் 150 சதவிகிதம் வரை இருக்கும். ஒன்றுக்கும் கீழே போனால் அது கடுமையான நோய். ஒன்றிலிருந்து ஐந்து வரை நடுத்தரம். ஐந்துக்கு மேலே போய்விட்டால் மூட்டில் தானாகக் கசிவது அபூர்வம். இந்த 'ஐந்து' என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இனி அந்த வீட்டின் இன்னொரு வருத்தத்துக்கு வருகிறேன். பேரனுக்கு நோய் தெரிந்த நாளிலிருந்து, "எங்கள் வம்சத்தில் இது கிடையாது. இவள் கொண்டுவந்தது" என்று மருமகள்மேல் பழி. எட்டு வருடமாக அந்தப் பெண் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இது வங்காளத்துக்கு மட்டும் உரியதன்று. நம் வீடுகளிலும் கேட்ட வசனம்தானே?

எட்டாம் காரணிக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகட்டும். அவள் நோயைச் சுமப்பவள் ஆவாள், பெரும்பாலும் நோயாளி ஆகமாட்டாள். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. எனவே சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் சுமப்பவளாகவும் அதே வாய்ப்பு. நோயுள்ள தந்தையின் மகன்களுக்கு நோய் வராது, ஆனால் மகள்கள் எல்லோரும் சுமப்பவர்கள். ஆகவே இது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாமல் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போவதுபோலத் தோன்றும். கேட்காமலே கிடைக்கும் தாய்மாமன் சீர்! ஆனால் நம்மவர்கள் சிரித்துவிட்டுப் போகிற விஷயமன்று இது. நோயுள்ள மாமன், நோயைச் சுமக்கும் அக்காள் மகளை மணந்தால் அவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைக்கே நோய் வரலாம். நோயுள்ள மாமனின் மகளை நோயுள்ள அத்தை மகன் மணந்தாலும் அதே கதைதான். சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில், ஜாதகத்துக்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

சரி, மருமகள் கொண்டுவந்ததுதானே என்றால், அங்கேதான் மூலக்கூறு உயிரியல் வந்து சாட்சி சொல்கிறது. இந்நோயுள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே நோய் இருந்ததில்லை. பழுது புதிதாக ஏற்படுகிறது. 1993-இல் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு வந்தது. கடுமையான ஹீமோபிலியா 'ஏ' உள்ளவர்களில் ஏறத்தாழ 45 சதவிகிதத்தினருக்கு ஒரே வகைப் பழுது. ஜீனின் ஒரு பெரும் துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஜீனுக்குள் உள்ள ஒரு வரி, குரோமோசோமில் சற்றுத் தள்ளி வேறோர் இடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. பெண்ணின் உடலில் கருமுட்டை உண்டாகும்போது எக்ஸ் தன் ஜோடி எக்ஸுடன் நுனிமுதல் நுனிவரை சேர்ந்து நிற்கும். ஆணின் உடலில் விந்தணு உண்டாகும்போது அந்தப் பகுதியில் எக்ஸுக்கு ஜோடி கிடையாது. அது தன்மீதே மடிந்து, ஒரே மாதிரியான இரு வரிகளும் பொருந்திக்கொள்ள, இடையில் உள்ளது புரண்டுவிடுகிறது. ஆகவே இவ்வகைப் பழுது பெரும்பாலும் ஆரம்பிப்பது ஓர் ஆணிடம்தான். பல குடும்பங்களில் அது நோயாளிச் சிறுவனுடைய தாயின் தகப்பனார். அவர் முழு ஆரோக்கியத்தோடு வாழ்ந்து முடித்திருப்பார். மகளுக்குத் தெரியாமலே கொடுத்துவிட்டுப் போனது அது.

இதையெல்லாம் ஒரு தாளில் படமாகப் போட்டு அந்த வீட்டில் விளக்கினேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

சிகிச்சைக்கு வருவோம். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற அம்மையார், உறைய வைத்த பிளாஸ்மாவை மெதுவாக உருக்கினால் அடியில் தங்கும் வண்டலில் எட்டாம் காரணி செறிந்திருப்பதைக் கண்டார். அதன்பின் ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தைக் கலந்து காரணியைப் பிரித்துப் பொடியாக்கி விற்றார்கள். 1980-களில் அதே பொடி எமனாயிற்று. அதன் வழியாக எய்ட்ஸ் கிருமி பரவி, அமெரிக்காவில் மட்டும் ஹீமோபிலியா நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரைத் தொற்றியது. பள்ளிக்கு வரக்கூடாது என்று விரட்டப்பட்ட ரயன் ஒயிட் என்ற சிறுவன் 1990-இல் பதினெட்டு வயதில் இறந்தது அப்படித்தான். 1984-இல் எட்டாம் காரணியின் ஜீனைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பயனாக, மனித இரத்தத்தை நம்பாமல் தொழிற்சாலையில் வளர்க்கும் உயிரணுக்களிலிருந்தே காரணியைத் தயாரிக்க முடிந்தது. ஆனால் போட்ட மருந்தில் பாதி சுமார் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று ஊசி, ஆயுள் முழுதும். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிசுமாப் என்ற மருந்து எட்டாம் காரணி அல்ல. அது செய்யும் வேலையைச் செய்யும் ஓர் எதிர்ப்புப் புரதம். தோலுக்கடியில் வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ போட்டால் போதும்.

ஜீனையே கொடுத்துவிட்டால்? 2022-இல் ஐரோப்பாவிலும் 2023-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற சிகிச்சை ஒன்று அதைத்தான் செய்தது. தீங்கற்ற ஒரு வைரஸுக்குள் ஜீனை வைத்துக் கல்லீரலுக்கு அனுப்பியது. விலை அமெரிக்காவில் 29 லட்சம் டாலர்! வருடங்கள் செல்லச் செல்ல பலருக்குக் காரணியின் அளவு இறங்கியது. அந்த வைரஸ் ஏற்கெனவே உடலுக்குப் பழக்கமானவர்களுக்கு அது பயன்படாது. கல்லீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை.

வேலூரில் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியுடன், வேறு வழியில் போனது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்களை ஊசி மருந்தால் இரத்தத்துக்கு வரவழைத்துச் சேகரித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்குள் ஜீனைச் செலுத்தினார்கள். அந்த ஜீன் மனிதக் காரணியும் பன்றியின் காரணியும் கலந்து அமைத்தது. பன்றியின் பகுதிகள் இருந்தால் உயிரணுவிலிருந்து புரதம் பன்மடங்கு எளிதாக வெளியே வருகிறதாம். ஜீனைச் சுமந்து சென்ற வாகனம் எது தெரியுமா? பல்லைப் பிடுங்கிய எய்ட்ஸ் வைரஸ் வகை. ஒரு தலைமுறை ஹீமோபிலியா நோயாளிகளைக் கொன்ற கிருமியின் குடும்பத்தையே வண்டி இழுக்க வைத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது சற்று நேரம் தாளை மூடி வைத்துவிட்டேன்.

பிறகு பலமான மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழித்து, திருத்திய அணுக்களைத் திரும்பச் செலுத்தினார்கள். அவை மஜ்ஜையில் குடியேறி, அவற்றிலிருந்து பிறக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் எட்டாம் காரணியைச் சுரக்கின்றன. ஐவரும் 22 முதல் 41 வயது வரையிலான ஆண்கள். முதல் இருவரில் ஒருவருக்குக் காரணி ஐந்து சதவிகிதத்தை ஒட்டி வந்தது, மற்றவருக்கு இரண்டுக்கும் குறைவு. அடுத்த மூவருக்கு ஜீன் உள்ளே நுழைவதை எளிதாக்கும் ஒரு பொருளைச் சேர்த்தார்கள். அளவு 19 முதல் 40 வரை ஏறியது. ஐவரையும் கவனித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம். அந்த 81 மாதத்தில் சிகிச்சை பயனளிக்கத் தொடங்கியபின் ஒருவருக்கும் ஒரு கசிவுகூட இல்லை. நான் நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து என்ற எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

ஆனால் பெரியவரிடம் நான் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து பேர் என்பது ஐந்து பேர்தான். மஜ்ஜையை அழித்துவிட்டுப் புதியது முளைக்கும்வரை ஒரு வாரத்துக்கும் மேல் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்து கிடக்கும். தட்டணுக்களும் குறையும், அதுவும் இரத்தமே உறையாத ஒருவருக்கு! பிள்ளைப்பேற்றுத் திறனுக்கும் பங்கம் வரலாம். இவ்வகை வைரஸ் தன் ஜீனை நம் குரோமோசோமில் எங்கே செருகும் என்று யாரும் ஆணையிட முடியாது. மூளையைத் தாக்கும் வேறொரு நோய்க்கு இதே வகை வாகனத்தில் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024-இல் அறிவித்தார்கள். அங்கே பயன்படுத்திய ஜீன் விசை வேறு, மிகவும் பலமானது. வேலூரில் அவ்விதம் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் ஐவரையும் பல்லாண்டுகள் கவனித்தாக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஓர் ஆய்வு. நிலத்தை விற்றுப் பணம் கட்டி வாங்கும் சரக்கல்ல. பெரியவர்களுக்குச் செய்து பார்த்தது, ஒன்பது வயதுப் பையனுக்கு அல்ல.

"அப்படியானால் நாங்கள் சும்மா இருப்பதா?" என்றார். சும்மா இருக்க வேண்டியதில்லை. மூட்டு கெடாமல் அவனை வளர்த்து ஆளாக்கிவிட்டால், அதற்குள் இந்தச் சிகிச்சையின் குணமும் குற்றமும் தெரிந்துவிடும். அதுவரை கசிந்தபின் ஓடாமல், கசியாமலிருக்க முன்கூட்டியே மருந்து. ஆஸ்பிரின் கூடவே கூடாது, சதையில் ஊசி கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோபிலியாவும் இடம்பெற்றிருக்கிறது, சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். நம்மைப்போல் மாற்றலாகி ஊர் ஊராகப் போகிறவர்கள், போகிற ஊரில் வீடு பார்ப்பதற்கு முன்பே ஹீமோபிலியா கூட்டமைப்பின் கிளை எங்கே, காரணி எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று விசாரித்துவிட வேண்டும். நோயின் வகை, காரணியின் அளவு இரண்டையும் எழுதிய சீட்டு பையனின் பையில் எப்போதும் இருக்க வேண்டும்.

நிலம் விற்கப்படவில்லை. பூஜை விடுமுறைக்கு வேலூர் போக டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். பையனுக்கு முழுப் பரிசோதனை. கூடவே தாய்க்கும், பையனின் அக்காவுக்கும் காரணியின் அளவு பார்க்கப் போகிறார்கள். சுமக்கும் பெண்கள் சிலருக்கும் அளவு குறைந்து மாதவிலக்கில் அதிக இரத்தம் போவதுண்டு என்று நான் சொன்னதும், அந்தப் பெண் தானாகவே கேட்டுக்கொண்டது இது. மாமியாரும் உடன் செல்கிறார்.

காட்பாடியிலிருந்து வேலூருக்கு ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்பார் என்று பெரியவர் நேற்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.