எரிகோ: சகேயுவின் காட்டத்தி மரம்

சகேயு ஏறிய மரம் என்று யாத்திரிகர்கள் நினைவுகூரும் காட்டத்தி இது. பேரீச்சைக்கும் நறுமணப் பிசினுக்கும் பெயர்பெற்ற எரிகோவில் வரி வசூலிக்கும் ஆயக்காரரின் தலைவர் அவர். செல்வர், குள்ளர், ஊராரின் வெறுப்புக்கு ஆளானவர். இயேசுவைக் காண மரமேறியவர், சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்மடங்காய்த் திருப்புவதாகவும் அறிவித்தார் என்கிறது லூக்கா நற்செய்தி (19:1–10).

அப்படியானால் மீட்பைப் பணம் கொடுத்து வாங்கினாரா? லூக்கா தரும் வரிசை அதை மறுக்கிறது. இயேசு விருந்தாளியாக வருவதாகச் சொன்னதும், சகேயு மகிழ்ந்து வரவேற்றதும் முதலில், கொடை பிறகுதான். முந்தைய அதிகாரத்தில், எல்லாவற்றையும் விற்கச் சொல்லப்பட்ட செல்வந்தத் தலைவரோ துயரப்படுகிறார். சகேயு பாதிதானே கொடுத்தார் என்று கேட்பவர்கள் மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். நான்மடங்கு அதிலிருந்துதான் போயாக வேண்டும். தானாக ஒப்புக்கொண்டு திருப்புபவருக்கு மோசேயின் சட்டம் விதித்தது முதலும் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. நான்மடங்கு என்பது, ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ உரிய தண்டனை. அதைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார் சகேயு. ஆயத்தொழிலை அவர் கைவிட்டதாக மட்டும் லூக்கா எழுதவில்லை.