வடிகட்டியை ஏமாற்றும் எழுத்துக்கள்

இணையத்தளத்தில் பலர் கூடி எழுதுவதற்கு உதவும் மென்பொருள் 'உள்ளடக்க மேலாண்மை அமைப்பு' எனப்படும். கொல்கத்தாவின் டாலிகஞ்சில் ஒரு பள்ளி இத்தகைய தளத்தை நடத்துவதாகக் கொள்வோம். மாணவர் அனுப்பும் கட்டுரையில் பத்தி, சாய்வெழுத்து, படம் முதலியவற்றுக்கான எச்.டி.எம்.எல். குறிகள் இருக்கும். அவை தீங்கற்றவை. ஆயின், அவற்றினிடையே ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகளையும் மறைத்து வைத்தல் கூடும். தலைமையாசிரியர் அக்கட்டுரையைத் திறந்ததும் அக்கட்டளைகள் அவருடைய உலாவியில் இயங்கும். தளமோ அவற்றை அவருடைய செயலாகவே கொள்ளும். கடவுச்சொல்லைத் திருடாமலே மதிப்பெண்களைத் திருத்திவிடலாம். இத்தாக்குதலுக்குக் 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்று பெயர்.

வடிகட்டி தவறுவது ஏன்?

இதனைத் தடுப்பதற்கென்றே தளங்களில் வடிகட்டி ஒன்று அமைந்துள்ளது. தீய குறிகளை நீக்கி, நல்லனவற்றை மட்டும் உள்ளே விடுவது அதன் பணி. ஆனால் ஒரே எழுத்துத்தொடரை வடிகட்டி ஒருவிதமாகவும் உலாவி வேறுவிதமாகவும் படிக்குமாயின் ஆங்கே ஓட்டை விழுந்துவிடுகிறது.

2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். அத்தளத்தின் வடிகட்டி 'ஜாவாஸ்கிரிப்ட்' என்னும் சொல்லை நீக்கி வந்தது. சாமி கம்கார் என்னும் இளைஞர் அச்சொல்லை இரண்டாக முறித்து, இரு வரிகளில் எழுதினார். வடிகட்டி அதனை வேறு சொல்லென விட்டுவிட்டது. சில உலாவிகளோ இரண்டையும் ஒட்டிப் படித்து, கட்டளையை இயக்கின. பக்கத்தைப் பார்த்தவர் ஒவ்வொருவரின் பக்கத்திலும் அது தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டது. ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் அது பரவிற்று.

இந்தியாவில் அன்று பெரிதும் வழங்கிய ஆர்குட் தளத்திலும் 2010 செப்டம்பரில் இவ்வகைப் புழு ஒன்று பரவியது. 2022இல் டைப்போ3 அமைப்பின் வடிகட்டியிலும் குறிகளைப் படிப்பதில் நேர்ந்த பிழையால் இத்தகைய ஓட்டை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது.

காக்கும் முறைகள்

தீயவற்றைப் பட்டியலிட்டு விலக்குவது போதாது. அப்பட்டியல் ஒருநாளும் முற்றுப்பெறாது. அனுமதிக்கப்பட்ட சில குறிகளை மட்டும் ஏற்று, எஞ்சியவை அனைத்தையும் நீக்குவதே சிறந்த முறை. குறிகள் தேவைப்படாத இடங்களில், அவற்றை இயங்காத வெறும் எழுத்துக்களாக மாற்றியே காட்டுதல் வேண்டும்.

பள்ளிகளிலும் களப்பணி அலுவலகங்களிலும் தளத்தைப் பேணுவோர் மூன்றினை நினைவிற் கொள்வது நலம். மென்பொருளின் திருத்தப் பதிப்புகளை உடனுக்குடன் நிறுவுக. பிறர் எழுதியதைப் படிப்பதற்கு நிர்வாகக் கணக்கைப் பயன்படுத்தற்க. மத்திய அரசின் கணினி அவசரநிலை உதவிக் குழுவாகிய செர்ட்-இன் வெளியிடும் எச்சரிக்கைகளைத் தவறாது கவனித்து வருக.