உப்பில் கரைந்த மருந்து

யானைக்கால் நோய் என்றவுடன் கும்பகோணம் போன்ற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு மூன்று நினைவுகள் வரும்: சாக்கடையில் பெருகும் கொசு, உறங்குமுன் கட்டும் கொசுவலை, இரவு எட்டு மணிக்குமேல் கதவைத் தட்டி விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் சுகாதார ஊழியர். இம்மூன்றுமே பொருந்தாத ஒரு நிலப்பகுதி நம் நாட்டில் உண்டு. அதுவே நிக்கோபார் தீவுகளின் நடுவிலுள்ள நான்கௌரி தீவுக்கூட்டம். கமோர்ட்டா, நான்கௌரி, கச்சல், தெரேசா முதலிய தீவுகள் அடங்கிய இப்பகுதி போர்ட் பிளேரிலிருந்து (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பலில்தான் பெரும்பாலோர் செல்கின்றனர். பழங்குடியினர் காப்புப் பகுதி என்பதால் வெளியார் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும்.

தமிழர்களுக்கும் இத்தீவுகள் அந்நியமல்ல. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, கச்சல் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. பூர்வ குடிகளான நிக்கோபாரியரோ தென்னந்தோப்பையும் கொப்பரையையும் காட்டையும் கடலையும் நம்பி வாழ்பவர்கள். இவர்கள் பொழுதெல்லாம் செலவிடும் மரநிழலில்தான் சிக்கல் பிறக்கிறது.

இந்நோயை உண்டாக்கும் நுண்புழு, ‘உச்செரேரியா பேங்க்ராஃப்டி’ என்ற ஒட்டுண்ணியின் குஞ்சு. நாட்டின் பிற பகுதிகளில் அது பகலில் உடலின் ஆழத்தில் ஒதுங்கி, இரவில் மட்டும் மேற்பரப்பு இரத்தத்தில் உலவும். அதைப் பரப்பும் கியூலக்ஸ் கொசுவும் இரவில் கடிப்பதுதான். நான்கௌரியிலோ நுண்புழு பகலிலும் இரத்தத்தில் காணப்படுகிறது. பரப்புவது ‘ஏடிஸ் நிவியஸ்’ எனும் காட்டுக் கொசு. மரப்பொந்துகளில் தேங்கும் மழைநீரில் முட்டையிட்டு, பகலில் கடிக்கும் இனம் இது. புழுவும் கொசுவும் ஒன்றன் நேரத்துக்கு மற்றொன்று ஒத்துப்போய்விட்டன.

இனி என்ன செய்வது? பகலில் தோப்பில் நிற்பவருக்கு வலை கட்ட இயலாது. வீட்டுச் சுவரில் மருந்தடித்தால், வீட்டுக்குள் வராத கொசுவுக்கு என்ன தீங்கு? காட்டிலுள்ள பொந்துகளைத் தேடித் தேடி அடைப்பதும் நடவாத செயல். ஆகவே கொசுவை விட்டுவிட்டு, மனிதனின் இரத்தத்திலுள்ள புழுவையே குறிவைக்க வேண்டியிருந்தது.

அதற்கான மருந்து 1947-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்ட டை எத்தில் கார்பமசைன், சுருக்கமாக டி.இ.சி. 2004-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நோய்ப்பகுதிகளில் ஆண்டுக்கொருமுறை இம்மாத்திரை அனைவருக்கும் வழங்கப்பட்டது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவருக்கு 300 மில்லிகிராம், அதாவது மூன்று மாத்திரைகள். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இத்தீவுகளைப் புரட்டிப் போட்டது. கச்சல் பேரிழப்பைச் சந்தித்தது. திரிங்கெட் தீவு துண்டுபட்டு, அதன் மக்கள் கமோர்ட்டாவில் குடியேற நேர்ந்தது. உறவும் உடைமையும் இழந்து நின்றவர்களிடம், ‘நோயில்லாவிட்டாலும் மாத்திரை விழுங்குங்கள்’ என்று கேட்பது எளிதான வேலையாக இருந்திருக்காது.

ஆயினும் அந்தக் கேள்வியே இப்போராட்டத்தின் உயிர்நாடி. கால் வீங்கியவரைவிட, வீக்கம் ஏதுமின்றி நடமாடி, இரத்தத்தில் மட்டும் நுண்புழுவைச் சுமப்பவரே பிறருக்கு நோயளிக்கக் கூடியவர். முதிர்ந்த புழு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை உயிர்வாழும். எனவே நலமாயிருப்பவரும் ஆண்டுதோறும் மருந்து உண்ண வேண்டும். சிலர் மறப்பார்கள், சிலர் தலைசுற்றலுக்கு அஞ்சி, வாங்கி வைத்துக்கொண்டு விழுங்கமாட்டார்கள். பல சுற்றுகள் மாத்திரை வழங்கிய பின்னும் நான்கௌரியில் தொற்று தங்கிப்போனது.

அப்போது கைகொடுத்தது பழைய யோசனை ஒன்று. சமையல் உப்பில் டி.இ.சி. கலந்து கொடுத்தால் என்ன? மருந்து சுவையை மாற்றுவதில்லை, சமைக்கும் சூட்டிலும் கெடுவதில்லை. இதைப் பிரேசிலில் சோதித்து 1967-இல் வெளியிட்டவர்களுள் ஒருவர் ஃபிராங்க் ஹாக்கிங். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை இவர்! சீனா இம்முறையைப் பரவலாகக் கையாண்டது. யானைக்கால் நோயை ஒழித்த நாடாக 2007-இல் அறிவிக்கவும் பட்டது. நம் நாட்டில் 1980-களில் காரைக்காலிலும் மருந்துப்புச் சோதனை நடந்திருக்கிறது.

வணிகவியல் படித்த நமக்குப் பிடித்த கணக்கு இதில் உண்டு. ஒரு கிலோ உப்பில் 2 கிராம் மருந்து, அதாவது 0.2 சதவீதம். நாளொன்றுக்கு ஒருவர் 10 கிராம் உப்பு உண்டால் 20 மில்லிகிராம் மருந்து உட்செல்லும். பதினைந்தே நாட்களில் 300 மில்லிகிராம்! ஆண்டுக்கொருமுறை மொத்தமாகச் செலுத்த வேண்டிய தவணையை, சிறுசேமிப்பாளர் போல நாள்தோறும் செலுத்தி, ஆண்டுக்கு இருபத்து நான்கு முறை முடித்துவிடுகிறோம். விழுங்க வேண்டுமென்று யாரும் நினைவூட்டத் தேவையில்லை. குழம்பு கொதித்தால் போதும்.

போர்ட் பிளேரில் 1983 முதல் இயங்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம், புதுச்சேரியின் கொசுக்கட்டுப்பாட்டு ஆய்வு மையத்துடன் கைகோத்து நான்கௌரித் தீவுகளில் இதைச் செய்து பார்த்தது. ஒரு பகுதி மக்களுக்கு மாத்திரையுடன் மருந்துப்பும், மறுபகுதிக்கு மாத்திரை மட்டும். மாத்திரை மட்டும் பெற்றவர்களைவிட, இரண்டும் பெற்றவர்களிடம் நுண்புழுத் தொற்று தெளிவாகக் கூடுதலாகக் குறைந்தது. எமக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது மருந்தன்று. வாழ்க்கை முறையை மாற்றச் சொல்லாமல், மக்கள் ஏற்கெனவே செய்துவரும் ஒன்றிலேயே சிகிச்சையைச் சேர்த்த அறிவுதான். ஆனால் வேறு உப்பு வீட்டுக்குள் நுழைந்தால் கணக்கு தவறும். எனவே எல்லா வீட்டுக்கும் இந்த உப்பு தடையின்றிப் போய்ச்சேர வேண்டும். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமாகும் தீவுகளில் இது சிறிய நிபந்தனையல்ல.

இலங்கையும் மாலத்தீவும் 2016-இல் இந்நோயை வென்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியாவின் இலக்கு 2027. ஏற்கெனவே வீங்கிய காலுக்கு உப்பும் மாத்திரையும் பழைய உருவைத் திருப்பித் தருவதில்லை. நாள்தோறும் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, புண்ணுக்கு உடனே மருந்திட்டு வந்தால், காய்ச்சலோடு வலி மீண்டும் மீண்டும் தாக்குவது வெகுவாகக் குறையும். ஆண்களுக்கு வரும் விரைவீக்கத்தை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். கூச்சத்தால் அதைப் பல்லாண்டு மறைத்து, தோப்பு வேலையைக் கைவிட்டு, வருவாயும் இழந்து வீட்டிலிருப்போர் தீவுகளில் மட்டுமல்ல, நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.