சுருள்பாசியும் வேறொரு கொலுசும்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் வீகனாகி நான்கு வருடம் ஆகிறது. பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. பேத்திக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்பு, வாழைப்பழம் கொடுக்கிறார்கள். “பி12 ஒன்றுதான் குறையாம். சுருள்பாசிப் (ஸ்பைருலினா) பொடி ஒரு சிட்டிகை கலந்தால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். கலக்கலாமா?”

அதை நம்பிக் கலக்க வேண்டாம் அம்மா. அந்தப் பொடியில் பி12 என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு பி12-ஆகவே பயன்படாது.

புரதத்துக்குப் பருப்பும் சோயாவும் இருக்கின்றன. கூழில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் சின்ன வயிற்றுக்குள் கூடுதல் சக்தி போகும். இரும்புச்சத்தையும் துத்தநாகத்தையும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். வைட்டமின் டி சொட்டு மருந்து எந்த வீட்டுக் குழந்தைக்கும் தேவைதான். பி12 அப்படியல்ல. அதைச் செடியும் செய்யாது, மாடும் செய்யாது. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டுமே செய்யும். மாட்டுக்கு அது இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து கிடைக்கிறது.

குழந்தைக்குத் தேவையும் கொஞ்சம்தான். முதல் ஆறு மாதம் ஒரு நாளைக்கு 0.4 மைக்ரோகிராம், அடுத்த ஆறு மாதம் 0.5. ஒரு வருடத்துக்கும் கூட்டினால் இரண்டு மூன்று தூள் உப்புப் பரல்களின் எடை. இவ்வளவு அரிய பொருளை வழியில் தொலைத்துவிடாமல் உடம்பு கொண்டுபோய்ச் சேர்க்கும் விதம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

திருவிழா நாளில் டவுன் பஸ்ஸில் ஏறும் ஒரு கைக்குழந்தைதான் பி12 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்க இடமில்லை. ஜன்னலோரத்துப் பாட்டி ஒருவர் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். இவர் பெயர் ஹாப்டோகொரின். எச்சிலிலும் இருப்பார், தாய்ப்பாலில் நிறையவே இருப்பார். இரைப்பையின் அமிலம் குழந்தையைத் தொடாமல் காப்பது அவர்தான். சிறுகுடல் தொடங்கும் நிறுத்தத்தில் கணையச் சாறு பாட்டியை இறக்கிவிட்டுவிடும். குழந்தையை உடனே தாய்மாமன் வாங்கிக்கொள்கிறார். இரைப்பையிலிருந்தே கூட வந்தவர், பெயர் இன்ட்ரின்சிக் ஃபாக்டர். சிறுகுடலின் கடைசியில் ஒரு வாசல் உண்டு. மாமன் கையில் இருக்கும் குழந்தையை மட்டும்தான் அங்கே உள்ளே விடுவார்கள்.

அந்த வாசலில் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2 மைக்ரோகிராம்தான் நுழையும். பிறகு சில மணி நேரம் மூடிக்கொள்ளும். மிச்சத்தில் நூற்றுக்கு ஒன்று மட்டும் வேலி இடுக்கில் நுழைந்துவிடும். வாரம் ஒருமுறை போடும் மாத்திரையில் 2000 மைக்ரோகிராம் இருப்பது இதனால்தான். அதில் நூற்றுக்கு ஒன்று 20. பாலூட்டும் தாய்க்குப் பரிந்துரைக்கும் அளவு நாளுக்கு 2.8, ஏழு நாளுக்கு ஏறக்குறைய அதே 20.

சுருள்பாசியில் பெரும்பாலும் இருப்பது போலி பி12. நடுவில் கோபால்ட், சுற்றிலும் அதே வளையம். முகமும் சட்டையும் அச்சாக அதேதான். வளையத்துக்குக் கீழே தொங்கும் மூலக்கூறு மட்டும் வேறு, அதாவது காலில் கொலுசு வேறு. பாட்டி எந்தக் குழந்தையானாலும் தூக்கிக்கொள்வார். மாமன் கொலுசைப் பார்ப்பார். தன் வீட்டுக் கொலுசு இல்லையென்றால் கை நீட்டவே மாட்டார்.

பாக்கெட்டில் அச்சிட்ட எண் எப்படி வந்தது? உணவில் பி12-ஐ அளக்கும் பழைய முறையில் ஒரு வகை பாக்டீரியாவை வளர விட்டுப் பார்ப்பார்கள். அதுவும் பாட்டியைப் போலத்தான், போலியைத் தின்றும் வளரும். அந்த எண்ணை ஏழு மாதக் குழந்தையின் கூழுக்கு ஆதாரமாகக் காட்டி விற்பது தப்பு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948-ல் பி12-ஐப் பிரித்தெடுத்தார்கள். டோரதி ஹாட்ஜ்கின் அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தார், 1964-ல் நோபல் பரிசு பெற்றார். நமக்கு முக்கியமான ஆண்டு 1962. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜாதவ், வெப், பேக்கர் முதலானோர் ஆறு குழந்தைகளைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். சைவ உணவுத் தாய்மாரிடம் தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்கள். பி12 குறைந்தால் சிரித்த குழந்தை சிரிப்பதை நிறுத்தும். நின்ற தலை மறுபடி தொங்கும். விரல் முட்டிகள் கருக்கும், கை கால் தானாக ஆடும். பி12 கொடுத்தால் குழந்தை மீண்டு வரும். தாமதித்தால் மூளை வளர்ச்சியில் குறை தங்கிவிடலாம்.

வீகன் உணவு குழந்தைக்கே ஆகாதா என்றும் கேட்கலாம். பெல்ஜியத்தில் 2014-ல் ஏழு மாதக் குழந்தை ஒன்று 4.3 கிலோ எடையோடு இறந்தது. பல செய்திகளில் அது ‘வீகன் குழந்தை’ ஆனது. உண்மையில் அதற்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஓட்ஸ், அரிசி, கினோவா பால் கொடுத்திருந்தார்கள். தேங்காய்ப் பாலோ பாதாம் பாலோ தாய்ப்பாலுக்கு ஈடாகாது. தாய்ப்பால் இல்லையென்றால் குழந்தைகளுக்கென்றே தயாரித்த சோயா பால்பவுடர் உண்டு. 2016-ல் அமெரிக்க உணவியல் அமைப்பு, திட்டமிட்ட வீகன் உணவு குழந்தைக்கும் போதும் என்றது. அதே ஆண்டு ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கவில்லை என்றது. வீகன் உணவோடு பி12-ஐத் தனியே சேர்த்தாக வேண்டும் என்பதில் இரண்டு அமைப்புகளும் ஒன்றுபட்டன. எனக்கு அது போதும்.

மகள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நினைக்காதீர்கள். வளர்ந்தவர் ஈரலில் பல வருடச் சேமிப்பு இருக்கும். பாலுக்குப் போவதோ பெரும்பாலும் அன்றாடம் உணவிலிருந்து வருவதுதான். தாய்க்கு ஒன்றும் தெரியாமலே பாலில் பி12 வற்றலாம். கர்ப்பத்தில் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் ரத்தசோகையையும் மறைத்துவிடும். ரத்த அளவு சரி என்று சீட்டு சொல்லும், நரம்பு தேய்ந்துகொண்டிருக்கும்.

மகள் பி12 மாத்திரை போடுகிறாரா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். பேத்திக்கு எவ்வளவு சொட்டு என்பதை அவர் சொல்லட்டும். பி12 ரத்தப் பரிசோதனை இரண்டு பேருக்கும் எடுக்கச் சொல்லுங்கள், மகளுக்கும் சேர்த்து.